அலகைத் தெரிதல்: தமிழ் எழுத்தைக் கணினியிலேற்றிய மூன்று அணுகுமுறைகள் – மட்டக்களப்பு வாவிப் பிரதேச ஊர்ப்பெயர்களை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

1. முன்னுரை

மென்பொருளாக்கம் என்பது அடிப்படையிற் பிரச்சினைகளைத் தீர்க்கும் செயற்பாடாகும். நிரலாளர் ஒருவர் தம் முன்னுள்ள பணியைச் சிறுசிறு கூறுகளாகப் பிரித்துக்கொள்ளலாம். முன்னரே தீர்க்கப்பட்ட வேறொரு பிரச்சினையின் தீர்வை இரவல் பெறலாம். நிகழக்கூடிய எல்லா நிலைகளையும் ஒரு பட்டியலிலிட்டு அப்பட்டியலையே தீர்வாகக் கொள்ளலாம். இவற்றுள் எது சிறந்தது என்னும் வினா மென்பொருட் கல்வியில் அடிக்கடி எழுப்பப்படுவது. எனினும், இவ்வினா பெரும்பாலும் அருவமான உதாரணங்களைக் கொண்டே ஆராயப்படுகிறது. தமிழ் பேசும் சமூகத்தின் நடைமுறை வாழ்விலிருந்து எழுந்த ஒரு பிரச்சினையை எடுத்து, அதற்கு அளிக்கப்பட்ட தீர்வுகளை ஒப்புநோக்கும் முயற்சிகள் குறைவு.

அத்தகைய பிரச்சினை ஒன்று நம் கையருகே உள்ளது. தமிழ் எழுத்தைக் கணினியில் எவ்வாறு சேமிப்பது என்பதே அது. கடந்த நான்கு தசாப்தங்களில் இதற்கு ஒன்றுக்கொன்று மாறுபட்ட மூன்று அணுகுமுறைகள் கையாளப்பட்டன. இவற்றை மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தின் ஊர்ப்பெயர்களைக் கொண்டு சோதித்து நோக்குவதும், அதன்வழி மென்பொருளாளர் பெறத்தக்க பொதுவான படிப்பினைகளை எடுத்துக்காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். பிரச்சினையைத் தீர்க்கும் முறையைத் தெரிவதற்கு முன்னர் அதன் அலகு தெரியப்படுகிறது. அவ்வலகைத் தெரியும்போதே தீர்வின் சுமையை யார் தாங்குவது என்பதும் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

2. பிரச்சினை தீர்த்தல் பற்றிய சில கொள்கைகள்

ஹங்கேரியிற் பிறந்த கணிதவியலாளரான ஜோர்ஜ் போல்யா, 1945 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில், பிரச்சினை தீர்த்தலை நான்கு படிகளாக வகுத்தார். பிரச்சினையை விளங்கிக்கொள்ளல், திட்டம் வகுத்தல், திட்டத்தை நிறைவேற்றல், விடையைத் திரும்பிப் பார்த்தல் என்பன அவை. பள்ளிக் கணிதத்தை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட இவ்வகுப்பு பின்னர் கணினித் துறையினராலும் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, நிக்லோஸ் விர்த் ஆகியோர் பெரும் பணியைப் படிப்படியாகச் சிறு பணிகளாக நுணுக்கிச் செல்லும் முறையை வலியுறுத்தினர். படிமுறை நுணுக்கம் பற்றிய விர்த்தின் கட்டுரை 1971 இல் வெளிவந்தது.

ஹேர்பேர்ட் சைமன் வேறொரு கோணத்திலிருந்து நோக்கினார். மனிதர் மிகச் சிறந்த தீர்வைத் தேடி அலைவதில்லை. கால அவகாசமும் அறிவும் வரையறைக்குட்பட்ட நிலையிற் போதுமான ஒரு தீர்வு கிட்டியதும் அங்கேயே நின்றுவிடுகின்றனர் என்பது அவர் 1950களில் முன்வைத்த கருத்து. பிரட் புரூக்ஸ் 1986 இல், மென்பொருளின் இடர்ப்பாடுகளை இருவகைப்படுத்தினார். பொருளின் இயல்பிலேயே அமைந்தவை ஒருவகை. நாம் கையாளும் கருவிகளால் தற்செயலாக வந்து சேர்பவை மற்றொரு வகை. பின்னவற்றைக் கருவிகளின் முன்னேற்றத்தால் நீக்கலாம். முன்னவற்றை நீக்க முடியாது என்றார் அவர்.

இக்கொள்கைகள் அனைத்திலும் ஒரு வினா உள்ளடங்கி நிற்கிறது. பிரிப்பது எனின், எதுவரை பிரிப்பது? போதுமானது எனின், யாருக்குப் போதுமானது? இயல்பான இடர்ப்பாடு எது, தற்செயலானது எது என வகுப்பவர் யார்? தமிழ் எழுத்தின் வரலாறு இவ்வினாக்களுக்குத் தெளிவான விடைகளைத் தருகிறது.

3. சோதனைக் களம்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலம் எழுவான்கரை எனவும், மேற்கே வயல்சார்ந்த நிலம் படுவான்கரை எனவும் வழங்கும். களுவாஞ்சிக்குடி, ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடி முதலியன எழுவான்கரை ஊர்கள். கொக்கட்டிச்சோலை, வவுணதீவு, வெல்லாவெளி, மண்டூர் முதலியன படுவான்கரை ஊர்கள். இவ்வூர்ப்பெயர்களைக் கொண்ட ஒரு பட்டியலைக் கணினியிலேற்றும் பணி ஒரு நிரலாளரிடம் ஒப்படைக்கப்படுகிறது எனக் கொள்வோம். பிரதேச செயலகம் ஒன்றின் குடும்பப் பதிவேடாகவோ, நூலகம் ஒன்றின் பட்டியலாகவோ அது இருக்கலாம்.

அப்பட்டியல் நான்கு பணிகளை நிறைவேற்றல் வேண்டும். பெயர் திரையிலும் தாளிலும் சரியாகத் தோன்றுதல் வேண்டும், இது காட்டல். ஒரு பெயரைத் தட்டச்சுச் செய்து கேட்டால் அது கிடைத்தல் வேண்டும்; இது தேடல். பெயர்கள் அகரவரிசையில் அமைதல் வேண்டும், இது வரிசைப்படுத்தல். எத்தனை எழுத்துக்கள் உள்ளன என்பதை அறிந்து உரிய இடத்தில் அடக்குதல் வேண்டும், இது அளத்தல். காட்டல் கண்ணுக்குப் புலப்படும் பணி. ஏனைய மூன்றும் புலப்படாதவை. ஆனால், அலுவலகமும் நூலகமும் இயங்குவது அவற்றாலேயே.

4. முதலாவது அணுகுமுறை: வடிவமே அலகு

1980களிலும் 1990களிலும் தமிழ்க் கணினிப் பயனாளர் முன்னிருந்த கருவிகள் ஆங்கில எழுத்துக்கென ஆக்கப்பட்டவை. ஆங்கில எழுத்துக்களின் இடத்திலே தமிழ் வடிவங்களை வரைந்து வைப்பதே அப்போது எளிதாகக் கிட்டிய வழி. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையேயும் பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துரு இவ்வகையினது. அதில் 'மட்டக்களப்பு' என்னும் பெயரைக் கணினி உண்மையிற் சேமிப்பது கே, எல், அரைப்புள்ளி, எல், எஃப், அரைப்புள்ளி, எஃப், எஸ், ஜி, அரைப்புள்ளி, பெரிய ஜி என்னும் குறிகளையே. எழுத்துரு இருக்கும் கணினியில் ஊர்ப்பெயர் தோன்றும். இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல் தோன்றும்.

போல்யாவின் மொழியிற் கூறின், இது முன்னரே தீர்க்கப்பட்ட பிரச்சினையின் தீர்வை இரவல் பெறும் முறை. சைமனின் மொழியிற் கூறின், போதுமானது கிட்டியதும் நின்றுவிடும் முறை. அச்சிடுவதே குறிக்கோளாயிருந்த காலத்தில் இது பெரும் பயன் விளைத்தது என்பதை மறுத்தற்கில்லை. பத்திரிகைகளும் சிறுசஞ்சிகைகளும் பாடநூல்களும் இதனாலேயே குறைந்த செலவில் வெளிவந்தன. ஒரு சில நாட்களிற் பழகிக்கொள்ளக்கூடிய இம்முறை, பெருநிறுவனங்கள் தமிழைப் பொருட்படுத்தாத காலத்திலே தமிழர் தாமே செய்துகொண்ட ஏற்பாடாகும்.

ஆயின் ஏனைய மூன்று பணிகளிலும் அது தவறியது. இம்முறையில் அலகு தமிழ் எழுத்தன்று; தாளில் தோன்றும் வடிவத்துண்டு. 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாக, தோன்றும் வரிசையிலேயே சேமிக்கப்படும். ஆகவே கொக்கட்டிச்சோலை, செங்கலடி, வெல்லாவெளி ஆகிய மூன்று பெயர்களும் கொம்பிலேயே தொடங்குகின்றன. கணினி அவற்றை வரிசைப்படுத்தும்போது ககரத்திலும் சகரத்திலும் வகரத்திலும் வைக்காது, மூன்றையும் ஒரே இடத்திற் குவித்துவிடும். துண்டுகளிலும் ஒரு சீர்மை இல்லை. 'கு' ஒரு குறி. 'கி' இரண்டு குறிகள். 'டி' மீண்டும் ஒரே குறி. நிரலாளர் எழுத்துக்களை எண்ண விரும்பினால் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி விதி எழுத வேண்டியவராகிறார்.

இன்னும் நுண்ணிய ஒரு கேடும் உண்டு. ஆங்கிலத்திற் பெயரின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றுவது சொற்செயலிகளின் வழக்கம். பாமினியிற் சிறிய என் குறிலின் கொம்பையும், பெரிய என் நெடிலின் கொம்பையும் குறிக்கும். சொற்செயலி தன்னிச்சையாகச் செய்யும் திருத்தத்தினால் கொக்கட்டிச்சோலை 'கோக்கட்டிச்சோலை' ஆகிவிடும். மட்டக்களப்பு 'முட்டக்களப்பு' ஆகிவிடும். இரவல் பெற்ற தீர்வு, தான் பிறந்த மொழியின் விதிகளையும் உடன்கொண்டு வருகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எழுத்துருக்கள் பெருகப் பெருக, ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் வாசிக்க இயலாத நிலையும் உருவாகியது. 1997 இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய மாநாடும், 1999 இல் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாடும் இக்குழப்பத்தைத் தீர்க்கும் நோக்குடையன. சென்னை மாநாட்டின் பேறாகத் தமிழ்நாட்டில் டாம், டாப் ஆகிய குறியீட்டுத் தரங்களும் தமிழ்99 விசைப்பலகையும் ஏற்கப்பட்டன. இணையவழிக் கலந்துரையாடலிற் பிறந்த திஸ்கி குறியீடும் இக்காலப்பகுதிக்குரியதே. இவை எழுத்துருக்களிடையே ஒழுங்கைக் கொணர்ந்தன. எனினும், வடிவத்தையே அலகாகக் கொண்டமையால் மேற்கூறிய குறைகளின் வேர் அப்படியே இருந்தது.

5. இரண்டாவது அணுகுமுறை: கூறே அலகு

உலக மொழிகள் அனைத்தையும் ஒரே குறியீட்டினுள் அடக்கும் முயற்சியான யூனிகோடு 1991 இல் வெளிவந்தபோது அதிலே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு தொகுதி ஒதுக்கப்பட்டது. இத்தொகுதி, இந்திய மொழிகளுக்கென இந்தியாவில் 1988 இல் வகுக்கப்பட்ட இஸ்கி குறியீட்டைத் தழுவி அமைந்தது. உயிரெழுத்துக்கள், அகரமேறிய மெய்கள், உயிர்க்குறிகள், புள்ளி ஆகியன இதில் இடம்பெற்றன. 'கு' என்பது ககரமும் உகரக்குறியும் சேர்ந்தது. 'க்' என்பது ககரமும் புள்ளியும் சேர்ந்தது. திரையில் முன்னே தோன்றும் கொம்பு சேமிப்பில் மெய்யின் பின்னேயே வரும். அதனை உரிய இடத்தில் நிறுத்துவது எழுத்துருவினதும் இயக்க முறைமையினதும் பொறுப்பாகும்.

இது டைக்ஸ்ட்ராவும் விர்த்தும் காட்டிய பிரித்தாளும் முறையின் இயல்பான விளைவு. சேமிப்பு வேறு, தோற்றம் வேறு எனப் பிரித்தமையே இதன் வெற்றி. கொக்கட்டிச்சோலை இப்போது ககரத்தில் தொடங்குகிறது. எந்த எழுத்துருவிற் பார்த்தாலும், எந்த நாட்டிற் பார்த்தாலும் அதே பெயராக இருக்கிறது. ஒரே பக்கத்திற் சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் இடம்பெறல் இயல்வதாகிறது. மும்மொழி வழங்கும் நாட்டில் இதன் பெறுமதி குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2008 இல் வெளியிட்ட தமிழ்க் கணிமைத் தரமும் இவ்வழியையே பின்பற்றியது.

எனினும் இம்முறை தன் சுமைகளை வேறிடங்களுக்கு மாற்றியது. முதலாவது சுமை காலம். தரம் 1991 இல் வெளிவந்தபோதிலும் அதனைத் திரையிற் சரியாகக் காட்டும் திறன் விண்டோஸ் இயக்க முறைமைக்கு அதன் 2000 ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே வாய்த்தது. இடைப்பட்ட ஆண்டுகளிலே தமிழ்ப் பயனாளர் பழைய எழுத்துருக்களிலேயே தங்கியிருக்க நேர்ந்தது. அக்காலத்தில் உருவான கோப்புக்களை மாற்றும் பணி இன்னும் முற்றுப்பெறவில்லை.

இரண்டாவது சுமை அளவு. மட்டக்களப்பு என்னும் பெயரைத் தமிழ் மாணவர் எவரும் எட்டு எழுத்துடையது என்பர். யூனிகோட்டில் அது 12 குறிகள். இணையத்திற் பெருவழக்கான யூ.டி.எஃப்-8 முறையில் 36 பைட்டுகள். அதே ஊரின் ஆங்கிலப் பெயர் பத்து எழுத்துடையது. பத்துப் பைட்டுகளில் அடங்கிவிடும். 11 குறிகளுக்கு மட்டும் இடம் ஒதுக்கிய ஒரு படிவத்தில் ஊரின் பெயர் 'மட்டக்களப்ப' என வெட்டுண்டு நிற்கும். கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தியில் இவ்வேறுபாடு மேலும் கூர்மையடைகிறது. ஆங்கிலச் செய்தி ஒன்றில் 160 எழுத்துக்கள் அடங்கும். யூனிகோட்டுச் செய்தி ஒன்றில் 70 குறிகளே அடங்கும். 'மண்முனை தென் எருவில் பற்று' என்னும் பிரதேசப் பெயர், எழுத்துக்களாக 13 உம் இடைவெளிகளாக 3 உமே கொண்டது. குறிகளாக அது 26 ஆகிறது. செய்தியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இடப்பெயருக்கே செலவாகிவிடுகிறது. 1978 இன் சூறாவளியையும் 2004 இன் ஆழிப்பேரலையையும் கண்ட ஒரு கரையோரத்திலே, எச்சரிக்கைச் செய்தி எத்தனை பகுதிகளாக உடைகிறது என்பது வெறுந்தொழில்நுட்ப வினாவன்று.

மூன்றாவது சுமை வரிசை. குறியெண்களின் ஒழுங்கு தமிழ் நெடுங்கணக்கின் ஒழுங்கன்று. தமிழில் இறுதியில் வரவேண்டிய னகரம், யூனிகோட்டில் நகரத்தின் பின்னும் பகரத்தின் முன்னும் நிற்கிறது. அதனால் 'மனம்', 'மரம்' என்பவற்றுள் மனம் முந்திவிடும். புள்ளி எல்லா உயிர்மெய்க்குறிகளுக்கும் பின்னே வைக்கப்பட்டமையால், அகராதியில் மண்முனையின் பின் வரவேண்டிய 'மணல்' அதன் முன்னே வந்துவிடும். இதற்கு மாற்று உண்டு. தமிழ் வரிசைக்கெனத் தனி அட்டவணைகள் வகுக்கப்பட்டுள்ளன. ஆனால் அவை இருப்பதை அறிந்து பயன்படுத்தல் நிரலாளரின் பொறுப்பு. அறியாதவரின் நிரல் பிழையைக் காட்டாமலே பிழையாக இயங்கும்.

நான்காவது சுமை ஒன்றே இரண்டாதல். 'கொ' என்பதை ககரமும் ஒகரக்குறியுமாக எழுதலாம். ககரமும் எகரக்குறியும் காலுமாகவும் எழுதலாம். தரத்தின்படி இரண்டும் சமமானவை, கண்ணுக்கும் ஒன்றே. ஆனால் சேமிப்பில் வேறானவை. ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் மற்றொரு விதமாகவும் பதிந்திருந்தால், இரண்டையும் ஒருமைப்படுத்தாத நிரலில் கொக்கட்டிச்சோலையைத் தேடுபவருக்குப் பாதி விடையே கிட்டும். மறுபாதி இல்லையென்றே அவர் நம்புவார்.

6. மூன்றாவது அணுகுமுறை: எழுத்தே அலகு

தமிழ் எழுத்துக்கள் 247 என்பது பள்ளிப் பாடம்: உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. இவ்வளவே எனின், ஒவ்வொன்றுக்கும் தனி இடம் கொடுத்தால் என்ன என்னும் வினாவிலிருந்து பிறந்தது டேஸ்16 குறியீடு. தமிழ்நாடு அரசு 2010 இல் யூனிகோட்டைத் தரமாக ஏற்று, அது பயன்படுத்த இயலாத இடங்களுக்கு டேஸ்16 ஐ மாற்றுத் தரமாக அறிவித்தது. இதில் ஒவ்வோர் எழுத்தும் 16 பிட்டுகள் கொண்ட ஒரு குறி. மட்டக்களப்பு எட்டுக் குறிகள். யூனிகோட்டில் 15 குறிகளாகும் கொக்கட்டிச்சோலையும் எட்டே. எழுத்துக்கள் நெடுங்கணக்கின் ஒழுங்கிலே, மெய்கள் ஒருபுறமும் உயிர்கள் மறுபுறமுமாகக் கட்டங்களில் அமைக்கப்பட்டுள்ளன. வரிசைப்படுத்தற்கு எண்களை ஒப்பிட்டாலே போதும். உயிர்மெய்யிலிருந்து மெய்யையும் உயிரையும் எளிய கணக்கினாற் பிரித்துவிடலாம்.

எல்லா நிலைகளையும் பட்டியலிட்டுத் தீர்க்கும் முறையின் வலிமையும் வரம்பும் இங்கு ஒருங்கே தெரிகின்றன. நிரலாளரின் பணி எளிதாகிறது. எண்ணலும் வெட்டலும் வரிசைப்படுத்தலும் இயல்பாக நிகழ்கின்றன. ஆயின் இக்குறியீடு யூனிகோட்டின் தனிப்பயன் பகுதியில் அமைந்தது. அப்பகுதியிலுள்ள குறிகளுக்கு உலகப் பொதுவான பொருள் இல்லை. அனுப்புவோரும் பெறுவோரும் முன்னரே உடன்பட்டிருந்தாலன்றி வாசிக்க இயலாது. குறுஞ்செய்தி உதாரணத்தையே மீண்டும் நோக்குவோம். டேஸ்16 இல் எழுதினால் 70 இடங்களில் ஏறத்தாழ 70 தமிழ் எழுத்துக்கள் அடங்கும். ஆனால் அதற்குரிய எழுத்துரு இல்லாத தொலைபேசியில் அச்செய்தி வெற்றுக் கட்டங்களாகவே சென்றடையும். சிக்கனமான செய்தி, வாசிக்கப்படாத செய்தியாகிவிடும்.

7. ஒப்பீடு

மூன்று அணுகுமுறைகளையும் ஒருங்கே நோக்குமிடத்து, ஒவ்வொன்றும் வெவ்வேறு வினாவுக்கு விடையளித்தமை புலனாகும். 'எவ்வாறு அச்சிடுவது?' என்பது முதலாவதன் வினா. 'உலகின் ஏனைய மொழிகளோடு எவ்வாறு சேர்ந்து வாழ்வது?' என்பது இரண்டாவதன் வினா. 'தமிழ் இலக்கணத்துக்கு இயைய எவ்வாறு கணிப்பது?' என்பது மூன்றாவதன் வினா. மூன்றும் நியாயமான வினாக்களே. எழுத்துருக்கள் பற்றியும் குறியீடுகள் பற்றியும் எழுந்த வாதங்கள் பல காலம் நீண்டமைக்கு ஒரு காரணம், வாதிட்டோர் வெவ்வேறு வினாக்களைத் தம் மனத்திற்கொண்டு ஒரே விடையைக் கோரியமையாகும்.

இலக்கண மரபு இவ்விடயத்திற் கூறுவது யாது? தொல்காப்பியம் எழுத்துக்களை முப்பது எனத் தொகுத்து, சார்ந்து வருவன மூன்றைத் தனியே வைக்கிறது. உயிர்மெய்களை அது தனி முதலெழுத்துக்களாக எண்ணவில்லை. மெய்யும் உயிரும் சேர்வதன் விளைவாகவே கொண்டது. இவ்வகையில் அது கூறுகளை அலகாகக் கொள்ளும் யூனிகோட்டுக்கு அண்மையது. ஆனால் இலக்கணத்தில் மெய்யே அடிப்படை. அகரம் சேர்ந்து 'க' பிறக்கிறது. யூனிகோட்டிலோ 'க' அடிப்படை. அதனோடு புள்ளியைக் கூட்டி 'க்' ஆக்கப்படுகிறது. இலக்கணத்தில் இரண்டு கூறுடையது கணினியில் ஒன்று. இலக்கணத்தில் ஒன்றாயிருப்பது கணினியில் இரண்டு. மட்டக்களப்பு என்னும் பெயர் 12 குறிகளாக நீள்வதற்கு அதன் மூன்று புள்ளிகளும் ஓர் உகரக்குறியுமே காரணம். புள்ளி மலிந்த மொழிக்குப் புள்ளியைத் தனிக்குறியாக்கியமை, அம்மொழியின் இயல்பால் வந்த இடர்ப்பாடன்று. தழுவப்பட்ட முன்மாதிரியால் வந்தது. புரூக்ஸ் வகுத்த இருவகையுள் இது இரண்டாம் வகையினது.

செலவு யார்மீது விழுகிறது என்பதையும் நோக்குதல் தகும். வடிவ முறையில் ஆக்குவோரின் செலவு மிகக் குறைவு. பின்வரும் நூலகரும் ஆய்வாளரும் பழைய கோப்புக்களை மாற்றும் உழைப்பைச் சுமக்கின்றனர். கூறு முறையிற் பெருநிறுவனங்கள் ஒரு முறை செலவிடுகின்றன. அளவினாலும் கவனக்குறைவான நிரல்களினாலும் வரும் நட்டம் பயனாளர்மீது சிறுசிறு துளிகளாக விழுகிறது. முழு எழுத்து முறையில் நிரலாளரின் சுமை குறைகிறது; உலகத்தோடு தொடர்புகொள்ளும் செலவைச் சமூகம் முழுவதும் ஏற்க வேண்டியதாகிறது. தீர்வுகளை ஒப்பிடும்போது அவற்றின் வேகத்தையும் அழகையும் மட்டும் நோக்குவது போதாது. பிழை நேரும்போது அதனைத் தாங்குபவர் யார் என்பதையும் கேட்டல் வேண்டும். பெயர் வெட்டுண்ட படிவத்துடன் மீண்டும் அலுவலகத்துக்கு அலைபவர், பெரும்பாலும் படுவான்கரையிலிருந்து ஒரு நாட்கூலியை இழந்து வருபவராகவே இருப்பார்.

8. எழுத்துக்கு அப்பால்

எழுத்து அலகு சரியாகத் தெரியப்பட்டதும் எல்லாம் தீர்ந்துவிடும் எனக் கருதுதலும் தவறு. மட்டக்களப்பு என்று தேடினால், 'மட்டக்களப்பில்', 'மட்டக்களப்பிலிருந்து' என்னும் வடிவங்கள் எக்குறியீட்டிலும் கிட்டா. இங்கு வேண்டிய அலகு எழுத்தன்று, சொல்லின் பகுதி. மண்முனை வடக்கு, மண்முனை மேற்கு என்பன இடைவெளியுடன் எழுதப்பட, மண்முனைப்பற்று புணர்ந்து எழுதப்படுகிறது. இவற்றை ஒரு குழுவாகக் கொள்வதற்குப் புணர்ச்சி விதி தெரிந்திருத்தல் வேண்டும். தமிழில் மட்டக்களப்பு எனவும், ஆங்கிலத்தில் பற்றிக்கலோ எனவும், சிங்களத்தில் மடகலபுவ எனவும் வழங்கும் ஊர் ஒன்றே என்பதை எழுத்துப்பெயர்ப்பு விதி எதுவும் கண்டுபிடிக்காது. அங்கு வேண்டிய அலகு பெயருமன்று, இடம். மும்மொழிப் பதிவேட்டில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, பெயர்களை அதனோடு இணைப்பதே தகும்.

அலகு பற்றிய இச்சிந்தனை இப்பிரதேசத்துக்குப் புதியதன்று. 1892 இற் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர், 1947 இல் வெளிவந்த யாழ் நூலிலே, பண்டை இசை மரபு கூறும் இருபத்திரண்டு அலகுகளைக் கணித விகிதங்களாக ஆராய்ந்தார். வழக்கிழந்த கருவியின் வடிவத்தை நேரே தேடாமல், இசையின் அலகை முதலில் நிலைநாட்டி அதிலிருந்து கருவியின் அமைப்பை நோக்கிச் சென்றமை அவரது ஆய்வுமுறையின் சிறப்பு. விஞ்ஞானக் கல்வியும் தமிழ்ப் புலமையும் ஒருவரிடத்தே கூடியமையால் இது வாய்த்தது. தமிழ் மென்பொருளுக்கு வேண்டியதும் இத்தகைய கூட்டே.

9. முடிவுரை

இவ்வொப்பாய்விலிருந்து நிரலாளர் பெறத்தக்க படிப்பினைகள் சிலவற்றைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, பணியைத் தொடங்குமுன் அதன் அலகைப் பெயரிட்டுச் சொல்லுதல் வேண்டும். 'எழுத்து' என்று ஆவணத்தில் எழுதும்போது, அது வடிவமா, குறியா, தமிழ் எழுத்தா என்பது தெளிவாதல் வேண்டும். பைதன், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய நிரல்மொழிகள் மட்டக்களப்பின் நீளத்தை 12 என்று கூறும். ஸ்விப்ட் எட்டு என்று கூறும். இரண்டும் பிழையன்று, அலகு வேறு. பைதனில் தமிழ் எழுத்துக்களாகப் பிரித்துத் தரும் ஓப்பன் தமிழ் போன்ற திறமூல நிரற்றொகுப்புக்களும் உள.

இரண்டாவது, அடிப்படை அலகை மாற்ற இயலாத இடத்தில் அதன்மேல் மற்றொரு படியைக் கட்டலாம். யூனிகோடு உலகத் தரமாக நிலைபெற்றுவிட்டது. ஒருமுறை இடம்பெற்ற குறிகளை நீக்குவதில்லை என்பது அதன் கொள்கை. ஆகவே சேமிப்பும் பரிமாற்றமும் யூனிகோட்டில் அமைய, கணிப்புக்கு மட்டும் நிரலினுள் தமிழ் எழுத்தை அலகாகக் கொள்வது இன்றைய நிலையிற் பொருத்தமான இணைப்பாகும். மூன்றாவது அணுகுமுறையின் கருத்து இவ்வாறு இரண்டாவதன் மடியில் வாழக்கூடும்.

மூன்றாவது, போல்யாவின் நான்காம் படியாகிய திரும்பிப் பார்த்தலை உள்ளூர்ச் சொற்களைக் கொண்டு செய்தல் வேண்டும். ஒரு நிரல் தமிழுக்கு ஏற்றதா என்பதை ஐந்து சோதனைகளால் அறியலாம். மட்டக்களப்பை எட்டு எழுத்தென எண்ணுகிறதா? இருவிதமாகப் பதியப்பட்ட கொக்கட்டிச்சோலையை ஒன்றெனக் காண்கிறதா? மண்முனையை மணலுக்கு முன் வைக்கிறதா? மரத்தை மனத்துக்கு முன் வைக்கிறதா? மட்டக்களப்பைத் தேடுபவருக்கு மட்டக்களப்பிலும் கிட்டுகிறதா? இவற்றை எழுதிச் சோதிக்க ஒரு பிற்பகல் போதும்.

1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாக வந்தாறுமூலையில் தொடங்கி 1986 இற் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் இவ்வாவியின் அருகிலேயே உள்ளது. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத் திட்டம் ஈழத்து நூல்களைத் திரட்டி வைத்துள்ளது. மொழியியல் மாணவரும் கணினி மாணவரும் ஒரே மேசையில் அமர்ந்து பழைய எழுத்துருக் கோப்புக்களை மாற்றுவதற்கும், ஊர்ப்பெயர்களின் திருந்திய பட்டியலொன்றை ஆக்குவதற்கும் வேண்டிய மூலப்பொருள்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளன. எந்த அலகைக் கொள்வது என்னும் முடிவை அம்மொழியை எழுதுவோரே எடுத்தல் வேண்டும். அம்முடிவை எடுக்காதுவிடின், வேறொருவர் எடுத்த முடிவின் விளைவுகளை ஒவ்வொரு படிவத்திலும் ஒவ்வொரு பட்டியலிலும் அவர்களே சுமக்க நேரும்.